எதிர்வீட்டுத் தலைவர் வருகைக்கான வாய்ப்பு

எதிர்வீட்டுக்காரன் எனக்கு இழைத்த துரோகங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, ஆலை வேலைநிறுத்தத்தில் நாங்கள் வாசலில் பட்டினி கிடந்தபோது பின்பக்கக் கதவு வழியாக வேலைக்குப் போனான். இரண்டாவது, அதற்குப் பரிசாக மேற்பார்வையாளர் ஆனான். மூன்றாவது, என்னை வேலையை விட்டு நீக்கிய உத்தரவைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தான். நான்காவது, கொடுக்கும்போது அழுதான். முதல் மூன்றை மன்னித்தாலும் மன்னிப்பேன், நான்காவதை முடியாது. ஐந்தாவது, இவையெல்லாம் நடப்பதற்கு முன்பே அவன் என் மனைவிக்கு அண்ணனாகப் பிறந்திருந்தான்.

அந்த உத்தரவு வந்த நாளிலிருந்து அவன் என் வாசற்படியை மிதித்ததில்லை. நானும் தெருவைக் கடந்ததில்லை.

ஆலை இடிந்தது. சங்கம் கலைந்தது. எனக்கு மிஞ்சியவை தெருமுனைப் படிப்பகமும், மேடையில் பேசிப் பேசி வாங்கிய 'முழக்கம்' என்ற பட்டப்பெயரும்தான். துண்டறிக்கை படித்தே உலக அரசியல் கற்றவன் நான். படிப்பகத்துக் கரும்பலகையில் வாராவாரம் எழுதுவேன்: "பக்கத்து நாட்டு அதிபர் நம் நாட்டுக்கு வரும் வாய்ப்பு, நூற்றுக்கு மூன்று." இது ஜோசியம் அல்ல, கணிப்பு. அந்த எதிரி நாட்டு அதிபரும் வந்தபாடில்லை. என் வாழ்நாளில் நான் விடாமல் ஜெயித்துக்கொண்டிருந்த போராட்டம் அது ஒன்றுதான்.

ஒரு நாள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே மனைவி சொன்னாள்.

"அண்ணனுக்கு அடுத்த வாரம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷனாம்."

"திறந்து பாக்கட்டும். உள்ள ஏதாவது இருந்தா சொல்லச் சொல்லு."

"பிழைக்கிறது பாதிக்குப் பாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை இந்த வீட்ல வந்து உக்காரணும். எனக்கு அது போதும்."

"மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும்."

"கேக்க மாட்டாரு. நீங்க கூப்பிட்டா வருவேங்கிறாரு."

"நான் கூப்பிட்டா நான் தோத்தேன்னு ஆயிடும்."

"ஆயிடும்தான்," என்றபடி என் சட்டையின் கையை மடித்தாள்.

அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். சண்டை போட்டிருந்தால் இன்னும் நல்லது, அது என் தொழில். அவள் பேச்சை மாற்றினாள்.

"அது கிடக்கட்டும். உங்க அதிபர் விஷயம் என்ன ஆச்சு? என்ன நடந்தா அவரு வருவாரு?"

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் இதைக் கேட்டதே இல்லை. யாரோ மேடை போட்டு மைக்கையும் நீட்டியது மாதிரி இருந்தது எனக்கு.

"எடுத்த எடுப்புல தலைவருங்க வந்துட மாட்டாங்க. முதல்ல சின்ன ஆளுங்க ஏதாவது சில்லறைக் காரணத்தைச் சொல்லிப் போய் வருவாங்க."

"அப்புறம்?"

"ரெண்டு பக்கமும் பழகுற ஒருத்தன் நடுவுல நுழைவான். இவரு பேசினதை அவருகிட்ட கொஞ்சம் இனிப்புத் தடவிச் சொல்வான்."

"யாரு முதல்ல கூப்பிடறதுங்கிற தகராறு?"

"அங்கதான் சூட்சுமம். நேரா யாரும் கூப்பிட மாட்டாங்க. 'அவரு வந்தா பாப்பீங்களா'ன்னு பத்திரிகைக்காரன் கேப்பான். தலைவர் பதில் சொல்லாம நகர்ந்துடுவாரு. மறுக்கலைன்னா அதுதான் அழைப்பு. கடைசில ஒரு கூட்டறிக்கை."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

"படிப்பு," என்றேன்.

அதன்பின் நடந்தவற்றைத் தனித்தனிச் சம்பவங்களாகவே பார்த்துத் தொலைத்தேன். எதிர்வீட்டுக்காரனின் மனைவி ஏணி கேட்டு வந்தாள். மறுநாள் ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அதற்கு மறுநாள் ஏணி நன்றாக இருந்தது என்று சொல்ல வந்தாள். எங்கள் மாடியில் குடியிருக்கும் முடிதிருத்துபவர்தான் இரண்டு வீட்டுக்கும் சவரம் செய்பவர். என் தாடையில் நுரையைத் தடவிக்கொண்டே, "உங்க மேடைப் பேச்சு மாதிரி ஒரு பேச்சை அப்புறம் கேக்கவே இல்லைன்னு எதிர்வீட்டு அண்ணன் சொல்றாரு," என்றார். கத்தி தொண்டையில் இருந்ததால் நான் மறுப்புத் தெரிவிக்கவில்லை. சாப்பாட்டின்போது மனைவி, "அண்ணன் வந்தா முகத்தைத் திருப்பிப்பீங்களா?" என்று கேட்டாள். வாய் நிறையச் சாப்பாடு. தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின மாலை படிப்பகத்துக்குப் போய், 'மூன்று' என்பதை அழித்துவிட்டு 'சுழியம்' என்று எழுதினேன். எல்லையில் மறுபடி துப்பாக்கிச் சத்தமாம். மனசுக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் படிக்க ஆளில்லை. வழக்கமாக வருகிற நான்கு பேரில் ஒருவரும் இல்லை.

வீடு திரும்பினால், நால்வரும் என் வீட்டு முன்னறையில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில், என் நாற்காலியில், அவன்.

சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடமிருந்தது. இவனையா இத்தனை வருஷமாக எதிர்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே அவமானமாகிவிட்டது.

"நீ கூப்பிட்டதாத் தங்கச்சி சொன்னா," என்றான். "இல்லேன்னா இப்பவே சொல்லிடு. போயிடறேன்."

சொல்லிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தான். நாற்காலியின் கையை ஊன்றியும் பாதிதான் எழ முடிந்தது. மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. சன்னல் திரையை இழுத்து நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது.

ஆயிரம் பேர் முன்னால் கண்டனத் தீர்மானம் வாசித்த வாய் இது. திறந்தேன்.

"ஏன் எழுந்திருக்கிற, உக்காரு," என்றது.

"அப்ப கூட்டறிக்கையை வாசிச்சிடலாம்," என்றாள் மனைவி.

கதவோரம் நின்றிருந்த முடிதிருத்துபவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தார். இரு தரப்பும் நலம் விசாரித்துக்கொண்டன. பழைய விவகாரங்கள் எழுப்பப்படவில்லை. சிகிச்சை முடிந்ததும் அடுத்த சந்திப்பு எதிர்வீட்டில் நடைபெறும். இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இச்சந்திப்புக்காக முதலில் இறங்கிவந்து, வருந்தி வருந்தி அழைப்பு விடுத்தவர்..."

நால்வரும் கழுத்தை நீட்டினார்கள். அவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய், தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்:

"திருவாளர் முழக்கம்."