இருநூறு வரை

மனிதர்களில் வேகம் பார்க்கிறவர் என்று ஓர் இனம் உண்டு. வேகமாகப் போகிறவரைச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குப் போய்விடுவார், நமக்குத் தொந்தரவு இல்லை. இவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, தன் வீட்டுக்கு இன்டர்நெட் என்ன வேகத்தில் வருகிறது என்று ஃபோனில் அளந்துகொண்டே இருப்பவர். பல் துலக்குவதற்கு முன்னால் ஒரு தரம், காபி ஆறுவதற்குள் ஒரு தரம், மழை வருகிற மாதிரி இருந்தால் ஒரு தரம், மழை வராமல் போனால் அதற்காக ஒரு தரம். அவ்வளவு வேகத்தை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார் என்று கேட்கிறீர்களா? அளக்கிறார்.

இவரை நீங்கள் கல்யாணப் பந்தியில் பார்த்திருப்பீர்கள். பக்கத்து இலையில் உட்கார்ந்து, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல், "சார், உங்க வூட்ல எவ்ளோ வருது?" என்பார். பென்ஷனைக் கேட்கிறாரா, முனிசிபாலிட்டி தண்ணீரைக் கேட்கிறாரா என்று நீங்கள் விழிப்பீர்கள். விஷயம் புரிந்ததும், "ஏதோ வருதுங்க, படம் ஓடுது" என்று சொல்லித் தொலைப்பீர்கள். போச்சு. உள்ளே பெரிய வியாதியை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவனைப் பார்க்கிற மாதிரி உங்களைப் பார்ப்பார். "ஏதோன்னா இன்னா சார் அர்த்தம்? நம்பர் சொல்லுங்க. நம்பர் இல்லாம இன்னா பேச்சு?" அப்புறம் பாயசம் தொண்டையில் இறங்குமா?

டெலிஃபோனுக்கு எழுதிப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இந்த இனம் பிறக்கவில்லை. ஊருக்கு ஒரே கடை என்றால் யார் தராசைச் சந்தேகப்படுவார்கள்? கொடுத்ததைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வருவார்கள். அரசாங்கம் கதவைத் திறந்துவிட்டது, கம்பெனிகள் வந்தன, கம்பெனிக்குக் கம்பெனி ஒயர் இழுத்தார்கள், எங்கள் திருப்பதியில் ஒவ்வொரு கரண்டுக் கம்பமும் சிக்கெடுக்காத தலையாக நின்றது. வேகம் பார்க்கிறவர் அந்தக் கம்பத்தடியில்தான் அவதரித்தார்.

திருமலைப் படி தொடங்குகிற அலிபிரியில் ஒரு விளம்பரத் தட்டி இருக்கிறது. கீழே ஜனங்கள் கோவிந்தா போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு, முழங்கால் வலிக்க வலிக்க ஏறுகிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே ஒரு வாலிபன் ராக்கெட்டில் உட்கார்ந்து சிரிக்கிறான். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு "200", இன்டர்நெட் வேகம். அந்த இருநூறின் தோளில் கொசு உட்கார்ந்த மாதிரி ஒரு நட்சத்திரக் குறி. அந்த நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டு தட்டியின் அடிவாரத்துக்குப் போனால், எறும்பு படிக்கிற தெலுங்கு எழுத்தில் 'வரை' என்றும், 'ஷரதுலு வர்திஸ்தாயி' என்றும் இருக்கும். அதாவது நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அரிசி மூட்டையின் மேல் "இருபத்தைந்து கிலோ வரை" என்று எழுதி விற்றால் கடையை நொறுக்கிவிட்டு வருவோமா மாட்டோமா? இங்கே மட்டும் பணத்தைக் கட்டிவிட்டு, ஃபோனை வைத்துக்கொண்டு வேகம் காட்டுகிற முள் ஏறுகிறதா என்று பார்க்கிறோம்.

எங்கள் சந்தில் இந்த இனத்தின் தலைவர் கோவர்த்தனன். விஜயபுரம் பக்கத்துக் கிராமத்தில் ஊரார் வேர்க்கடலைக் கொல்லையில் கூலிக்குப் போன குடும்பம். முட்டி மோதிப் படித்து, பஸ் கண்டக்டராகி, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் மேஜை போட்டு உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று குறிக்கிற உத்தியோகத்தில் ரிடையர் ஆனவர். அவர் குறித்ததால் ஒரு பஸ்ஸாவது சீக்கிரம் வந்ததா என்று கேட்டால் கோபித்துக்கொள்வார். அலிபிரித் தட்டியை நம்பி வீட்டுக்கு இருநூறு போட்டார். அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்கு ரோஜாப்பூ வருவது நின்று, அவர் வீட்டு முள்ளின் படம் வருகிறது. நூற்று எழுபது வந்தால் நாள் முழுக்கச் சிரித்த முகம். நூற்றுப் பத்து என்றால் சுந்தரியம்மா வைத்த சாம்பாரில் உப்பு ஜாஸ்தி.

சுந்தரியம்மா அவர் மனைவி. ஒரே மகள் காவ்யா, கம்ப்யூட்டர் படித்துவிட்டு எழுதிப் போடாத கம்பெனி இல்லை. சத்தியவேட்டிலிருந்து ஒரு வரன் வந்து, "பொண்ணு சும்மாதானே கீது" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹைதராபாத் கம்பெனி ஒன்று கடைசிக் கட்ட இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. நேரில் இல்லை, வீட்டிலிருந்தே, கம்ப்யூட்டரில் முகம் பார்த்து. "இது மட்டும் கெடைச்சிட்டா போதும்மா" என்று அந்தப் பெண் அம்மாவிடம் சொன்னாள். கோவர்த்தனனுக்கு மகள் என்றால் உயிர். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்த உயிர்தான் வினையாக வந்தது.

இன்டர்வியூ அன்று வீட்டில் ஊரடங்கு. டி.வி. ஒயரைப் பிடுங்கினார். சுந்தரியம்மாவின் ஃபோனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "நெட்ட ஒருத்தரும் தொடக் கூடாது. கொழந்திக்கு ஃபுல்லா போவணும்."

"அப்ப நீங்க?"

"நான் இன்னா படமா பாக்கப் போறேன்? ஸ்பீடு கரெக்டா வருதான்னு பாத்துக்கறேன், அவ்ளோதான்."

காவ்யா உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இவர் கூடத்தில் ஒரு தொடைக்கு ஒரு ஃபோனாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே "குட் மார்னிங் சார்" கேட்டது. இவர் முதல் அளவை எடுத்தார். முள் முக்கி முனகி முப்பத்தெட்டில் நின்றது. ஃபோன் பொய் சொல்கிறதோ என்று அடுத்த ஃபோனில் அளந்தார். இரண்டில் எது நிஜம் என்று தெரியவேண்டாமா? இரண்டிலும் ஒன்றாக அழுத்தினார்.

உள்ளே காவ்யாவின் குரல் உயர்ந்தது. "ஹலோ சார்? சார், கேக்குதா? ஹலோ?"

நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஃபோனைக் கீழே வைப்போம். வேகம் பார்க்கிறவர் அப்படிச் செய்வாரா? மகளின் குரல் தடுமாறுவதைக் கேட்டார். சரியான நேரம் பார்த்துக் கம்பெனிக்காரன் கழுத்தை அறுக்கிறான் என்று முடிவு கட்டினார். அத்தாட்சி வேண்டுமே, இன்னும் மும்முரமாக அளந்தார். அவர் அளக்க அளக்க உள்ளே "ஹலோ, ஹலோ". "ஹலோ" கேட்கக் கேட்க இவர் அளந்தார்.

சுந்தரியம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "நீங்க அத்த நோண்டறதாலதான் அவளுக்கு நிக்குது போல கீது. வெச்சிடுங்க."

"பைத்தியம்! அளந்தா கொறைஞ்சிடுமா? ஸ்கேல் வெச்சி அளந்தா துணி கொறையுமா?"

"துணி கொறையாது. சோறு கொறையும். ஒரு பான சோத்துக்கு ஒரு சோறு பதம்னுவாங்க. நீங்க பதம் பாத்தே பானைய காலி பண்றீங்க."

அவர் அதற்குள் கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்துவிட்டார். கால் மணி நேரம் வீணை வாசித்துக் காட்டிவிட்டு ஒரு பெண் தெலுங்கில் வந்தாள். இவர் பஸ் ஸ்டாண்ட் மைக்கில் பேசுகிற குரலில் தட்டி, ராக்கெட், இருநூறு எல்லாவற்றையும் இறக்கினார். அந்தப் பெண் தேனொழுகச் சொன்னாள்: "ஒக்கசாரி ரௌட்டர் ஆஃப் சேசி ஆன் செய்யண்டி சார்."

அணைத்துப் போடுங்கள் என்றாள். உலகத்திலுள்ள எல்லா உதவி எண்களுக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதானே? ஜுரத்துக்கும் அதுதான், மாரடைப்புக்கும் அதுதான். கோவர்த்தனன் எழுந்தார். சுந்தரியம்மா "ஐயோ, வாணாங்க" என்று கையைப் பிடிக்க வருவதற்குள், சுவரில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த அந்தப் பெட்டியை அணைத்தார்.

உள்ளறைக் கதவு திறந்தது. காவ்யா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "நைனா! நெட் போயிடுச்சி!"

"போவலம்மா, நான்தான் ஆஃப் பண்ணேன். ரெண்டு நிமிசம் இரு, ஃபுல்லா வரும் பாரு."

அந்தப் பெண் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மலை மறைக்கிற எங்கள் சந்தில் செல்ஃபோனில் பேச்சு வரும், நெட் வராது. அவள் செருப்புகூடப் போடாமல் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

பக்கத்து வீட்டு முனிரத்தினம், மலைக்கு வருகிறவர்களுக்குத் துணிப்பை தைத்து விற்கிறவர். அவர் வீட்டில் வெறும் முப்பது. அதுவும் "வரை". "முப்பதெல்லாம் ஒரு நெட்டா? மாட்டு வண்டி" என்று கோவர்த்தனன் அவரைக் கேலி செய்யாத நாள் கிடையாது. மனிதர் ஒரு நாளும் அளந்து பார்த்ததில்லை. அளக்கலாம் என்பதே அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. "உள்ள வாம்மா, பாஸ்வேர்டு காலண்டராண்ட சொவுத்துல எழுதிக்கீது" என்று மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து போனார். துணிப்பைக் கட்டுகளுக்கு நடுவே, தரையில் சப்பணமிட்டு, லேப்டாப்பை ஒரு கட்டின் மேல் வைத்து, மூச்சு வாங்க "ஸாரி சார்" என்று ஆரம்பித்தாள் காவ்யா. முக்கால் மணி நேரம் பேசினாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

இங்கே ரௌட்டர் உயிர் பெற்று எழுந்தது. கோவர்த்தனன் அளந்தார். முள் விர்ரென்று ஏறி இருநூற்று நான்கைத் தொட்டது.

"சுந்தரி! இருநூத்தி நாலு! நாலு மேல குடுக்கறான்டி!"

"குடுக்கட்டும். வாங்கிக்க வூட்ல யாரு கீறாங்க?" என்றாள் சுந்தரியம்மா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. சத்தியவேட்டு வரன் தள்ளிப் போனது. காவ்யா பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹைதராபாத் போய்விட்டாள். கோவர்த்தனன் திருந்தினாரா என்றால், நீங்கள் இந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம். மகள் போன வீட்டில் டி.வி.கூட ஓடுவதில்லை, நாள் தவறாமல் இருநூறு வருகிறது, குழுவில் படம் போட்டுத் தள்ளுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். காவ்யா வீடியோவில் கூப்பிட்டாள். முகம் இளைத்திருந்தது. "நைனா, சாப்ட்டீங்களா?"

"ஆச்சிம்மா. உங்க ஹாஸ்டல்ல எவ்ளோ வருது?"

"அது வுடுங்க நைனா. அம்மாவையும் கூப்புடுங்க, ஒரு விசியம் சொல்லணும்."

சுந்தரியம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள். "சொல்லும்மா."

"அம்மா, எனுக்கு இங்க..." என்று ஆரம்பித்தாள் காவ்யா. அந்த அரை வாக்கியத்தோடு படம் நின்றது. வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடியபடி அப்படியே உறைந்துவிட்டாள். அந்த முகத்தில் இருப்பது சிரிப்பா அழுகையா என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. சுந்தரியம்மா மாவு விரலால் ஃபோன் கண்ணாடியைத் தொட்டு "காவ்யா, காவ்யா" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். கோவர்த்தனன் இன்னொரு ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு முள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நூத்தித் தொண்ணூத்தெட்டு" என்றார், என்னைப் பார்த்து, பெருமையாக.

அவரைத் திட்டுகிறீர்களா? தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் முப்பத்தெட்டு, இருநூற்று நான்கு என்று நான் சொல்லிக்கொண்டு வந்தபோது, "நம்ம வீட்டில் எவ்வளவு வரும்?" என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? பொய் சொல்லாதீர்கள், கை ஃபோனுக்குப் போவது தெரிகிறது. பார்க்க வேண்டுமானால் பாருங்கள், யார் தடுத்தார்கள்? அழுத்துவதற்கு முன்னால், அடுத்த அறையில் யார் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று மட்டும் ஒரு தரம் எட்டிப் பார்த்துவிடுங்கள்.