என் கணவரை உட்காரவிடாத சிலுவார்

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். நான் விட்டது என் கணவரின் இரண்டு கால்களையும்.

அப்போது கல்யாணமாகி ஆறு மாதம். ஈப்போவுக்குத் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிப் பாலெடுத்துக்கொண்டிருந்தார். விடியற்காலைப் பனியில் நின்று நின்று மூச்சிரைப்பு வந்துவிட்டது. நாலெழுத்துத் தெரிந்தவர் என்பதால், ஆபீசில் எழுதுகிற சின்னக் கிராணி வேலைக்கு வரச்சொல்லி வெள்ளைக்காரத் துரை ஆளனுப்பினார். அந்த வேலைக்கு வேட்டியோடு போக முடியாது. முழுக்காற்சட்டை வேண்டும், எங்கள் பேச்சில் சிலுவார்.

“நானே தைக்கிறேங்க” என்றேன். (அதுவரை தைத்தது ஒரே ஒரு சுருக்குப் பை. அதில் கை நுழையாது.)

“தையக்காரன்கிட்ட குடுக்கலாம்லா!” என்றார் பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா. கேட்டால்தானே? அவருடைய கைத் தையல் மெஷினையே இரவல் வாங்கினேன். பெரிய கிராணியின் பழைய சிலுவாரைத் துணிமேல் பரப்பி, கரியால் ஓரம் வரைந்து, கோட்டின்மேலேயே வெட்டினேன். தையலுக்கென்று துணி விட வேண்டுமாம், யார் கண்டது?

புறப்படும்போதுதான் போட்டுப் பார்த்தார். நின்றால் ராஜா. செருப்பு மாட்டக் குனிந்தார், பின்பக்கம் டர்ரென்றது. அழுதுகொண்டே இழுத்துத் தைத்தேன்.

“அழுவாத புள்ள. நான் நின்னுக்கிட்டே பேசிட்டு வாரேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஊசி நூலோடு ஆபீஸ் ஜன்னலோரம் நின்றேன். துரைக்குத் தோட்டத்துத் தமிழ் வரும். நாற்காலியைக் காட்டி, “ஒக்காரு” என்றார்.

“வேணாங்க தொரை.”

“ஒக்காரு!”

நான் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டேன்.

“ஒங்க முன்னால ஒக்கார மாட்டேங்க.”

துரை பூரித்துப்போனார். இப்படியொரு மரியாதைக்காரனை அவர் கண்டதில்லையாம். வேலை அங்கேயே கிடைத்தது. நாற்காலியைத்தான் எடுத்துவிட்டார்கள். நிற்கப் பிரியப்படுகிறவர் என்று துரை உயரமான மேசை ஒன்று செய்து கொடுத்தார். அந்தத் துரை சீமைக்குப் போகும்வரை, நாலு வருஷம், என் கணவர் நின்றுகொண்டே எழுதினார். தினமும் மாலையில் கால் பிடித்துவிட்டது நான்தான்.

பிற்பாடு எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்த பையன், எவ்வளவு சொல்லியும் உட்காராமல் பவ்யமாக நின்றார். என் கணவர் மெல்ல எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டார்.

“கூச்சப்படாம சொல்லுங்க தம்பி. சிலுவார் யாரு தச்சது?”