ஜோடியா வாங்கின சுத்தியல்

நம்ம அண்ணன் ஒரு முடிவு எடுத்தாரு. அவரு முடிவு எடுக்கறது அபூர்வம். வீட்டுக்கு வேண்டிய முடிவையெல்லாம் அண்ணி எடுத்துருவாங்க, மிச்சம் மீதி கிடந்தா அண்ணனுக்கு. அன்னிக்கு ஒண்ணே ஒண்ணு மிச்சம் கிடந்துச்சு.

விஷயம் இதுதான். சமையல்கட்டு அலமாரியைத் திறந்தாரு, கதவு கையோட வந்துருச்சு. அதை மார்புக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, சண்டைக்குக் கிளம்பின ராஜா கணக்கா நின்னாரு.

"இனிமே இந்த வீட்டு வாசல்ல ஒரு கார்ப்பெண்டர் கால் வைக்கக்கூடாது. எல்லாத்தையும் நானே பண்ணப் போறேன். பின்னாடி ரூம்ல பட்டறை போடறேன்!"

"அதுக்கு முன்னாடி கதவைக் கீழ வைங்க. கால்ல போட்டுக்கப் போறீங்க."

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. அடுத்தது கதவு விழப் போகுது."

அண்ணி சிரிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருந்துச்சு. அந்தப் பின்னாடி ரூம் மேல அவங்களுக்கு ரொம்ப நாளா ஒரு கண்ணு. ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவங்க அவங்க. தையல் மெஷின் ஹால்ல டிவிக்குப் பக்கத்துல கிடக்கு. யாராச்சும் வீட்டுக்கு வந்தா மெஷினை ஓரங்கட்டணும், துணியைச் சுருட்டணும். வர்றவங்க போறவங்க எல்லாம் வெட்டி வச்ச காலர் மேலயே நடப்பாங்க. "ஒரு ரூம் எனக்குன்னு இருந்தா போதும்"னு சொல்லிச் சொல்லி அவங்க வாய் வலிச்சுது. கேட்டுக் கேட்டு அண்ணனுக்குக் காது மட்டும் வலிக்கவே இல்ல.

"அந்த ரூமை நான் கேட்டேனே?"

"நீ துணிதானே தைக்கிற? துணி எங்க வேணும்னாலும் மடங்கும். டூல்ஸ் மடங்குமா?"

அண்ணி அடுப்புப் பக்கம் திரும்பிட்டாங்க. அண்ணி பதில் சொல்லலைன்னா தோத்துட்டாங்கன்னு அண்ணன் நினைச்சுக்குவாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான் நினைச்சுட்டு வர்றாரு, பாவம்.

அண்ணனுக்கு வேலை செருப்புக்கடையில. காலைப் பார்த்தாலே சைஸ் சொல்லிருவாரு. மூஞ்சி ஞாபகம் இருக்காது, பாதம் ஞாபகம் இருக்கும். அவருக்குத் தெரிஞ்ச வியாபாரம் அது ஒண்ணுதான். அதனால இரும்புக் கடைக்குப் போயும் செருப்பு வாங்கற மாதிரியேதான் சாமான் வாங்கினாரு.

ஒரு சுத்தியலைக் கையில எடுத்தாரு. பிடிச்சுக்கிட்டுக் கடைக்குள்ள அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாரு. கண்ணாடி இருக்கான்னு தேடினாரு. கடைக்காரர் கல்லாவை விட்டு எந்திரிச்சுட்டாரு.

"சார், எங்க போறீங்க?"

"நடந்து பாக்குறேன். விரல்கிட்ட கொஞ்சம் இறுக்குது. இன்னொரு சைஸ் பெருசு இருக்கா?"

"சார், அது சுத்தியல்."

"தெரியுதுங்க. போகப் போக லூஸாயிரும்னு மட்டும் சொல்லிராதீங்க. அந்தப் பொய்யைத் தினமும் சொல்றவன் நான்."

பெரிய சைஸ் வந்துச்சு. நடந்தாரு. முகம் மலர்ந்துச்சு. "ம்ம், இது உக்காந்துருச்சு. சரி, இதோட ஜோடி எங்க?"

"சுத்தியலுக்கு ஜோடியா?"

"பின்ன, ஒத்தையாவா எடுத்துட்டுப் போவாங்க? வீட்ல சிரிப்பாங்கய்யா!"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாரு. அப்புறம் எந்த வியாபாரியும் செய்யறதைத்தான் அவரும் செஞ்சாரு. "ஒரு நிமிஷம் இருங்க சார், உள்ள ஜோடி இருக்கு"ன்னு ஓடினாரு.

அப்படித்தான் எல்லாமே ஜோடியா வந்து இறங்குச்சு. கட்டிங் பிளேயர் ஜோடி, ரம்பம் ஜோடி, உளி ஜோடி, இழைப்புளி ஜோடி, ஸ்பேனர் ஜோடி ஜோடியா. டிரில்லிங் மெஷின்கூட ரெண்டு. "இடது கைக்கு ஒண்ணு வேணாமா?"ன்னாரு. அவருக்கு இடது கையால ஸ்பூன் பிடிக்கவே வராது.

பின்னாடி ரூம்ல சாமானை அடுக்கினாரு பாருங்க, அது ஒரு கண்கொள்ளாக் காட்சி. கடையில மிச்சமான அட்டைப்பெட்டியெல்லாம் சுமந்துட்டு வந்தாரு. சுவத்துல பலகை அடிச்சு, ஒவ்வொரு சாமான்லயும் ஒத்தை மட்டும் ஷோவுக்கு மாட்டினாரு. அதோட ஜோடி பெட்டிக்குள்ள, பேப்பர் சுத்தி. பெரிய ஸ்பேனர் எல்லாம் ஜென்ட்ஸ் பக்கம். நடுத்தரம் லேடீஸ் பக்கம். பொடி ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் கிட்ஸ் பக்கம். டிரில்லிங் மெஷின் ரெண்டும் பூட்ஸ் பெட்டியில.

பலகை எப்படி அடிச்சாருன்னு கேக்குறீங்களா? மாடிவீட்டு டிரைவர் வந்து அடிச்சுக் கொடுத்தாரு. அண்ணன் ஆணி எடுத்துக் கொடுத்தாரு.

அண்ணி வந்து நின்னு பார்த்தாங்க. "ஆணி எங்க வச்சிருக்கீங்க?"

"சாக்ஸ் டிராயர்ல."

"சரி. ரெண்டு ஆணி எடுத்துட்டு வந்து அந்த அலமாரிக் கதவை மாட்டிக் குடுங்க. கரப்பான் குடும்பத்தோட வந்து போகுது."

"அவசரப்படாத. சாமான் எல்லாம் புதுசு. முதல்ல இடத்துல பழகட்டும்."

"சாமானா, நீங்களா?"

பழகுச்சு, பழகுச்சு, பழகிக்கிட்டே இருந்துச்சு. அண்ணன் தினமும் வேலை விட்டு வந்ததும் நேரா அந்த ரூமுக்குத்தான் போவாரு. ஒவ்வொரு பெட்டியா திறப்பாரு, துடைப்பாரு, மூடுவாரு. ஒரு குட்டை ஸ்டூல்ல உக்காந்து சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாரு. காத்து, அமைதி, யாரும் ஒரு வேலை சொல்றதில்ல. கதவு சமையல்கட்டுல சுவத்துல சாஞ்சபடியே கிடந்துச்சு. அண்ணி ஹால்ல டிவி சத்தத்துல பாக்கெட் தச்சாங்க.

இப்படிப் போயிட்டிருக்கும்போது ஒரு நாள் அண்ணன் வீட்டுச் சாவியை மறந்துட்டுப் போயிட்டாரு. குடுக்கலாம்னு அண்ணி செருப்புக் கடைக்குப் போனாங்க. அங்க ஒரு ஆளு அண்ணன்கிட்ட வழி கேட்டுக்கிட்டிருந்தாரு. வழி மட்டும்தான் கேட்டாரு. அண்ணன் அவரு காலைப் பார்த்துட்டு ஒரு செருப்பை எடுத்து நீட்டினாரு. அந்த ஆளு உதட்டைப் பிதுக்கினாரு. அவ்வளவுதான்! அண்ணனுக்குள்ள ஏதோ சாமி இறங்கின மாதிரி ஆயிருச்சு. மண்டி போட்டு உக்காந்தாரு. பெட்டி மேல பெட்டியா இறக்கினாரு. "வேண்டாங்க"ன்னு ஒரு தடவை சொன்னா ரெண்டு பெட்டி கூடுதலா வந்துச்சு. கடைசியில அந்த ஆளு மூணு பையைத் தூக்கிக்கிட்டு, வழியையும் மறந்துட்டு வெளிய போனாரு.

அண்ணி சாவியைக் குடுத்தாங்க. நேரா வீட்டுக்கு வந்தாங்க. வர்ற வழியெல்லாம் தனியா சிரிச்சுட்டு வந்தாங்கன்னு கேள்வி.

அடுத்த லீவு நாள். அண்ணன் ஸ்டூல்ல உக்காந்து இழைப்புளியைத் தடவிக்கிட்டிருந்தாரு. எதிர்வீட்டு டீச்சரம்மா வந்தாங்க.

"சார், ஒரு ஸ்க்ரூ டிரைவர் இரவல் கிடைக்குமா?"

அண்ணன் உஷாரானாரு. பட்டறைச் சாமானை இரவல் குடுக்கறதில்லைன்னு கொள்கை வச்சிருந்தாரு. இருந்தாலும் டீச்சர் ஆச்சேன்னு கிட்ஸ் பக்கத்துல இருந்து ஒண்ணை எடுத்துக் காட்டினாரு. காட்டறதுல என்ன இருக்கு?

டீச்சரம்மா உதட்டைப் பிதுக்கினாங்க.

"ம்ஹூம்... எனக்கு இது சரி வராது சார். நான் வேற எங்கயாச்சும் பாத்துக்கறேன்."

வேற எங்கயாச்சுமா! அண்ணனுக்கு முதுகெலும்பு நிமிர்ந்துச்சு. "உக்காருங்க மேடம், உக்காருங்க! உங்க கைக்கு இது சின்னதுதான். நானே சொல்லணும்னு இருந்தேன். இதைப் பாருங்க, பிடி மெத்துமெத்துன்னு இருக்கும். நாள் பூரா வச்சிருந்தாலும் வலி தெரியாது."

"கலர் ஒரு மாதிரி இருக்கே."

"சிவப்புல இருக்கு மேடம்! இதோட இந்த ஸ்பேனர் ரெண்டையும் வச்சுப் பாருங்க. செட்டா எடுத்தாத்தான் எடுப்பா இருக்கும்!"

டீச்சரம்மா போகும்போது ரெண்டு கையும் நெறைஞ்சிருந்துச்சு. அண்ணன் வாசல் வரைக்கும் போய்க் கும்பிட்டு அனுப்பினாரு. திரும்பி வந்து லேடீஸ் பக்கத்தைப் பார்த்தாரு. காலி. "அட, என்னடா இது"ன்னு தலையைச் சொறியறதுக்குள்ள மாடிவீட்டு டிரைவர் வந்துட்டாரு.

"அண்ணே, ரம்பம் ஏதாச்சும்... ஆனா பரவால்லண்ணே. உங்ககிட்ட நல்லதா இருக்காது."

"என்னது, நல்லதா இருக்காதா? தம்பி, இப்படி வா!"

போச்சு. ஜென்ட்ஸ் பக்கம் மொத்தமும் போச்சு.

அப்புறம் அண்ணியோட தம்பி வந்தான். அவன் வாயே திறக்கல. பூட்ஸ் பெட்டியைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். "மாப்ளே, அவசரப்படாத, ஒரு தடவை கையில பிடிச்சுப் பாரு"ன்னு அண்ணன் கெஞ்சிக் கெஞ்சி டிரில்லிங் மெஷின் ரெண்டையும் அவன் வண்டியில கட்டி விட்டாரு. கயிறும் அண்ணனோடதுதான்.

மத்தியானம் ரூம் துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. சாக்ஸ் டிராயர்கூட போயிருச்சு, ஆணியோட. மிஞ்சினது அண்ணனும் ஸ்டூலும். அப்பத்தான் ஜன்னலுக்கு வெளிய டிரைவர் குரல் கேட்டுச்சு.

"அண்ணி, நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே மூஞ்சியைச் சுளிச்சேன். அள்ளிக் குடுத்துட்டாரு! ஆமா, இதையெல்லாம் எப்ப திருப்பித் தரணும்?"

"அவசரமே இல்ல தம்பி. மெதுவா."

அண்ணனுக்கு அப்பத்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. ஓஹோ! கதை அப்படிப் போகுதா? இருக்கட்டும், இருக்கட்டும். சாமான் போனா என்ன, ரூம் இருக்குல்ல? ஸ்டூலை நடு ரூம்ல இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தாரு. இனிமே யாரு எப்படி உதட்டைப் பிதுக்கினாலும் வாயைத் திறக்கறதில்லைன்னு தன் தலை மேலயே கை வச்சு சத்தியம் பண்ணிக்கிட்டாரு.

அண்ணி உள்ள வந்தாங்க. நாலு சுவரையும் நிதானமா பார்த்தாங்க.

"என்னம்மா, ரூம் வேணுமா? கேளு. கேட்டுப் பாரு!"

"நானா? எனக்கு எதுக்குங்க?" உதட்டைப் பிதுக்கினாங்க. "ரூம் சின்னதா இருக்கு."

அண்ணன் பல்லைக் கடிச்சாரு.

"வெளிச்சமும் பத்தாது."

அண்ணன் கண்ணை மூடிக்கிட்டாரு. காது மடல் ரெண்டும் சிவந்துருச்சு. ஸ்டூல் கிரீச் கிரீச்சுன்னு ஆடுச்சு.

"வேண்டாங்க. எனக்கு ஹாலே போதும். நான் வர்றேன்."

அண்ணி திரும்பினாங்க. வாசப்படிக்கு நடந்தாங்க. ஒரு கால் வெளிய வச்சாச்சு. வெறுங்கை!

அண்ணன் எந்திரிச்ச வேகத்துல ஸ்டூல் கவுந்துருச்சு.

"மேடம்! ஒரு நிமிஷம் மேடம்! பாக்கத்தான் சின்னது, உள்ள நின்னு பாருங்க, எவ்வளவு தாராளம்! வெளிச்சம் இல்லைன்னு யாரு சொன்னா? மெஷினை இந்த ஜன்னலோரமா போட்டுப் பாருங்க, ஊசியில நூல் தானா கோத்துக்கும்! இந்தப் பலகையில துணி, அந்த மூலையில அயர்ன் டேபிள்... உங்களுக்குன்னே அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு மேடம்!"

"நிஜமாவா சொல்றீங்க?"

"சத்தியமா மேடம்!"

"சரி, நீங்க இவ்வளவு தூரம் சொல்றதால எடுத்துக்கறேன்."

அண்ணனுக்கு முகமெல்லாம் பல்லு. வியாபாரம் படிஞ்ச சந்தோஷத்துல நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, குனிஞ்சு பணிவா கேட்டாரு:

"பேக் பண்ணிடவா மேடம், இல்ல இப்பவே போட்டுக்கறீங்களா?"