ஊருக்கு ஒரே புகார்

குறைகளைத் தீர்க்க மனிதகுலம் எத்தனையோ கருவிகளைக் கண்டுபிடித்திருக்கிறது. குறையையே இல்லாமல் செய்யும் கருவி மட்டும் குடிநீர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஒழுகும் ஏசிக்குக் கீழேதான் பிறந்தது. பெற்றவள் அங்கிருந்த புரோகிராமர்.

அவள் செய்தது என்னவோ சின்ன வேலைதான். தகவல் கிடங்குக்குப் போகும் இணைப்பு, ஆளுக்கொன்றாகப் பெருகிக் கணினிக்கு மூச்சு முட்டியது. ஆகவே பன்னிரண்டு வரியில் ஒரு நிரல் அச்சு, அதாவது ஒரு 'கிளாஸ்', எழுதினாள். முதலில் கேட்பவருக்கு ஓர் இணைப்பை, அவள் பாஷையில் ஓர் 'ஆப்ஜெக்டை', உருவாக்கித் தரும். அப்புறம் யார் வந்து கேட்டாலும் அதையே எடுத்து நீட்டும். இரண்டாவது பிறக்கவே பிறக்காது.

தலைமைப் பொறியாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"எத்தனை பேர் கேட்டாலும் ஒண்ணேதானா?"

"ஒண்ணேதான் சார்."

"அப்ப புகாரையும் இதே மாதிரி பண்ணிடும்மா."

"ஐயோ சார், புதுப் புகார் வந்தா பழசு மேலயே எழுதிடும். பழசு அழிஞ்சிடும்!"

"அழியுதுன்னு ஏம்மா சொல்றே? 'தீர்வு காணப்பட்டது'ன்னு சொல்லிப் பழகு."

செவ்வாய்க்கிழமை நாலாயிரத்து முந்நூறு புகார். புதன்கிழமை ஒன்று. நிர்வாகம் இத்தனை சுறுசுறுப்பாக என்றுமே இருந்ததில்லை.

அன்று மாலையே அவளுடைய அக்கா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டி, ஒன்பது நாளா குழாய்ல காத்துதான் வருது. உங்க மாமா படுத்த படுக்கையா கிடக்கறாரு, துணி அலசச் சொட்டுத் தண்ணி இல்ல. தினம் புகார் போடறேனே, எங்கடி போகுது?"

"உனக்கப்புறம் யாராவது போட்டா, உன்னுது போயிடும்க்கா."

"இந்த எழவையெல்லாம் உக்காந்து யோசிப்பீங்களா?"

மறுநாள் பதினொரு மணிக்கு, 'குறையற்ற அலுவலகம்' விருதுக்கான ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. புரோகிராமர் பத்து ஐம்பத்தொன்பதுக்கு அக்காவின் புகாரைத் தட்டிவிட்டாள். அதன்மேல் வேறு யாரும் எழுத முடியாதபடி பூட்டியும் வைத்தாள். பெரியவர்கள் கண்ணில் பட்டால் போதும், சாயங்காலமே தண்ணீர் வந்துவிடும்.

குழுத் தலைவர் திரையை உரக்கப் படித்தார். "ஒன்பது நாளா தண்ணி இல்லையாம். வீட்ல நோயாளி வேற." படித்துவிட்டுப் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு பெரிய ஊர்ல, இந்த ஒருத்தருக்கு மட்டும்தான் குறையா?"

"ஒரே ஒருத்தருக்குத்தான் சார்," என்றார் பொறியாளர், மெய்சிலிர்த்து.

"அப்ப கோளாறு குழாய்ல இல்ல."

விருது மேசைமேல் ஏறியது. அக்கா வீட்டுக்கு நோட்டீஸ் இறங்கியது: 'நகரமே வாய் திறவாமல் தாகத்தோடு இருக்க, தாங்கள் மட்டும் தண்ணீர் கேட்டது ஏன்?'