வியாழக்கிழமைப் பணக்காரன்

பணக்காரனாவது என்று அப்புத்துரை முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலமை. வெள்ளிக்கிழமை விடியத் திரும்பவும் ஏழையாகிவிடுவது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுத்தார். அதற்குமேல் பணக்காரனாக இருக்க ஸ்கந்தபுரத்தில் ஆருக்கு வசதி இருக்கு?

விசயம் இதுதான். அவரின் ஒரே மகள் லக்சிகா உயர்தரப் பரீட்சையில் நல்லாய்ச் செய்துவிட்டாள். தேவைக்கு மிஞ்சி நல்லாய்ச் செய்துவிட்டாள். மாத்தறைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. மாத்தறை எங்கே கிடக்கிறது என்று அப்புத்துரை பள்ளிக்கூடத் தேசப்படத்தில் பார்த்தார். கிளிநொச்சியில் விரலை வைத்துக் கீழே இழுத்தார். இழுத்தார், இழுத்தார், கடல் வருமட்டும் இழுத்தார். கடலுக்கு ஒரு நகம் மேலே மாத்தறை இருந்தது.

படிப்பு இலவசம். தங்க, சாப்பிட, பஸ்ஸில் போய்வர ஆர் காசு தருவது? வெளிநாட்டில் இருக்கிற எங்கட ஆட்கள் சிலர் நடத்துகிற கல்வி நிதியம் ஒன்றுக்கு லக்சிகா பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்திருந்தாள். வியாழக்கிழமை பின்னேரம் நிதியத்திலிருந்து வீடு பார்க்க ஆள் வருகிறது. வசதியில்லாத வீடு என்று கண்டால் உதவி. உதவி கிடைத்தால் மாத்தறை. கிடைக்காவிட்டால் கிட்டடியில், நெளுக்குளத்தில் மாமி வீட்டில் நின்று ஏதும் கோர்ஸ்.

“நீ போகவேண்டாம்” என்று மகளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல அப்புத்துரைக்கு வாய் வரவில்லை. ஆனால் விடவும் மனமில்லை. அந்த வீட்டில் அவருடைய பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள் லக்சிகாதான். மனைவி இராசேஸ்வரி கலியாணம் முடித்த புதிதில் ஒருக்கா சிரித்தவள். அதுவும் அவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததற்கு. சிரிக்கிற ஆளையும் கடற்கரைக்கு அனுப்பிவிட்டால் அவர் ஆருக்குப் பகிடி விடுவது, மாட்டுக்கோ?

ஆகவேதான் பணக்காரனாவது.

“இஞ்சேர்,” என்று குசினி வாசலில் நின்று தொடங்கினார். “வியாழக்கிழமை வாற ஆளை இந்த வெடிச்ச பிளாஸ்டிக் கதிரையிலையே இருத்திறது?”

“வெடிச்ச கதிரையைக் கண்டால்தானே உதவி தருவினம்?” தேங்காய் திருவுவதை இராசேஸ்வரி நிறுத்தவில்லை.

“மானம் எண்டு ஒண்டு இருக்கல்லே! அயலுக்கை கேட்டு நாலு நல்ல சாமான் கொண்டந்து வைப்பம். வீட்டுக்கு வாறவையை மதிக்கிற ஆக்கள் எண்டு தெரியட்டுமன்.”

இராசேஸ்வரி திருவுவதை நிறுத்தினாள். அவரை மேலும் கீழும் ஒருக்கா பார்த்தாள்.

“ஓம்,” என்றாள்.

அப்புத்துரை திடுக்கிட்டுப்போனார். “ஓமோ?”

“ஓம் எண்டுதானே சொன்னனான். பேந்தென்ன, போய்க் கேளுங்கோ.”

கலியாணம் செய்த நாளிலிருந்து அவர் சொன்ன எதற்கும் அவள் முதல் தரத்திலேயே ஓம் சொன்னது கிடையாது. அந்த இடத்தில் அவர் பயந்திருக்கவேண்டும். பாவி மனுசன், சந்தோசப்பட்டார்.

இரவல் கேட்பது அந்த ஊரில் வெட்கமான காரியமில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, வெறும் நிலத்தில் தறப்பாள் கட்டிக் குடியிருக்கத் தொடங்கின சனம். ஒரு வீட்டில் கலியாணமென்றால் ஒழுங்கை முழுக்க இருக்கிற கதிரை அந்த வீட்டில்தான் நிற்கும். அப்புத்துரை அன்றைக்கே வெளிக்கிட்டார். கட்டாரிலிருந்து வந்து நிற்கிற சதீசிடம் குஷன் கதிரைகளும் பெரிய டீவியும். முன்வீட்டு மீனம்மாவிடம் பிரிஜ். புடவை வியாபாரி இஸ்ஸதீனிடம் புது மோட்டச்சைக்கிள். ஒவ்வொரு வீட்டிலும் குரலைத் தாழ்த்தி ஒரே கதைதான் சொன்னார்: “பிள்ளை தூரம் போகாமல் மறிக்கத்தான். இராசேஸ்வரிக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ.”

ஆரும் மாட்டோமென்று சொல்லவில்லை. எல்லாரும் தலையை ஆட்டினார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் வீடு மினுங்கியது. ஒரேயொரு குறை. அந்த வீட்டில் இருந்தது ஒரு பிளக். டீவி போட்டால் பிரிஜ் இல்லை, பிரிஜ் போட்டால் டீவி இல்லை. வெளிச்சமும் சத்தமும்தான் பணக்காரத்தனம் என்று அப்புத்துரை டீவியைப் போட்டார். பிரிஜ் சும்மா நின்றது.

பிறகு அலுமாரியைத் திறந்தார். அவரின் ஒரே நல்ல சேட்டு, நீலக்கோடு போட்டது, அங்கே இல்லை.

“என்ரை சேட்டு எங்கை?”

“தோய்ச்சுப் போட்டன்.”

“இண்டைக்கோ தோய்க்கிற நாள்!”

“சதீசிட்டைக் கதிரை வேண்டினனீங்கள், சேட்டும் வேண்டுங்கோவன்.”

பறவைப் படம் போட்ட கட்டார் சேட்டு வந்தது. வயிற்றடியில் பொத்தான் மூச்சுத் திணறியது.

மூன்று மணிக்குப் படலையில் ஸ்கூட்டி வந்து நின்றது. நிதியத்துப் பெண் கௌசலா இறங்கினாள். சின்னப் பிள்ளை, மெல்லிய குரல். முற்றத்து மோட்டச்சைக்கிளைப் பார்த்தாள். உள்ளே வந்து டீவியைப் பார்த்தாள், பிரிஜ்ஜைப் பார்த்தாள். குஷன் கதிரையில் இருந்தாள். இருந்ததும் அரையடி கீழே போனாள்.

“நல்ல வசதியாய் இருக்கிறியள் போலை, ஐயா.”

“உங்கட புண்ணியத்திலை ஒரு குறையுமில்லை, பிள்ளை.”

“அப்ப மகள் ஏன் விண்ணப்பிச்சவா?”

“அது சும்மா, ஆசைக்குப் போட்டுப் பாத்தவள்.”

அறை வாசலில் நின்ற லக்சிகாவின் முகம் செத்துப்போனது. அப்புத்துரை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் எல்லாம் கொட்டுப்பட்டுவிடும் என்று அவருக்குத் தெரியும். இராசேஸ்வரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். கௌசலா பேனையை மூடினாள். “அப்ப நான் வெளிக்கிடப் போறன், ஐயா. உண்மையாய்க் கஷ்டப்படுற பிள்ளையளும் இருக்குதுகள்தானே...”

வென்றாயிற்று! அப்புத்துரை மனதுக்குள் நெளுக்குளத்துக்குப் பஸ் ஏறியேவிட்டார்.

“அப்புத்துரை அண்ணே!” முற்றத்தில் இஸ்ஸதீனின் குரல். “குறை நினைக்காதீங்க, சந்தைக்குச் சாமான் ஏத்தணும். நம்மட சைக்கிளை எடுக்கட்டா?”

பதில் வருமுன் மோட்டச்சைக்கிள் ஒழுங்கை தாண்டிவிட்டது.

“அது... என்ரைதான். அவருக்கு இடைக்கிடை ஓடக் குடுக்கிறனான்,” என்றார்.

“நம்மட சைக்கிள் எண்டெல்லே சொன்னவர்?”

“ஒற்றுமையான ஊர், பிள்ளை.”

சொல்லி வாய் மூடவில்லை, மீனம்மா உள்ளே வந்தாள். பின்னால், லாண்ட்மாஸ்டர் உழவுமெசின் பெட்டியைப் படலையில் விட்டுவிட்டு, அவளின் புருசன். “அண்ணை, பிரிஜ்ஜுக்கை என்ரை மீன் கிடக்கு. மறந்துபோய் மீனோடையே தந்திட்டன்.” கதவைத் திறந்தாள். இரண்டு நாள் மீன். மணம் முதலில் வந்தது, பின்னால் தண்ணி வந்தது. ஐஸ் கரைந்த தண்ணி நிலத்தில் ஓடிக் கௌசலாவின் காலடியில் போய் நின்றது. இரண்டு பேரும் பிரிஜ்ஜைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அது நின்ற இடத்துச் சுவரில் மழை ஒழுகின கோடு தெரிந்தது.

அப்புத்துரை தண்ணிக்குக் குறுக்கே வந்து நின்றார். “கௌசலாப் பிள்ளை, இது வந்து...”

“சதீஸ், வா தம்பி,” என்றாள் இராசேஸ்வரி முற்றத்தைப் பார்த்து, ஏதோ சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

சதீஸ் டீவியைக் கழற்றித் தோளில் வைத்தான். கூட வந்த பெடியங்கள் இரண்டு குஷன் கதிரையைத் தூக்கினார்கள். மூன்றாவதில் கௌசலா இருந்தாள். “அக்கா, ஒருக்கா எழும்புறீங்களோ?” அவள் எழும்பினாள். அதுவும் போனது. அந்த வீட்டில் மிஞ்சியது வெடித்த பிளாஸ்டிக் கதிரை. இராசேஸ்வரி சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக் கௌசலாவுக்கு வைத்தாள்.

வாசல்வரைக்கும் போன சதீஸ் நின்றான். தலையைச் சொறிந்தான். “அண்ணை, அந்தச் சேட்டு... இண்டைக்கு ஒரு பிறந்தநாள் வீடு இருக்கு.”

அப்புத்துரை விறைத்துப்போய் ஒரு அடி பின்வாங்கினார். மீன் தண்ணியில் கால் பட்டது. சறுக்கியது. தொப்பென்று நிலத்தில் இருந்தார். பொத்தான் பறந்துபோய்க் கௌசலாவின் தேத்தண்ணிக்குள் விழுந்தது.

குசினிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. இராசேஸ்வரி சிரித்தாள். கண்ணில் தண்ணி வருமட்டும் சிரித்தாள்.

சேட்டைக் கழற்றிச் சதீசிடம் குடுத்துவிட்டு ஓட்டைப் பெனியனோடு எழும்பின அப்புத்துரையைக் கௌசலா பார்த்தாள். வெறும் சுவரைப் பார்த்தாள். பேனையைத் திரும்பவும் திறந்தாள். “ஐயா, நான் எத்தினையோ வீட்டுக்குப் போனனான். இருக்கிறதை ஒளிச்சு வைச்சிட்டு இல்லையெண்டு சொன்ன ஆக்களைத்தான் கண்டனான். இல்லாததை இரவல் வேண்டி வைச்சு, மகளின்ரை மரியாதையைக் காப்பாத்தின தகப்பனை இண்டைக்குத்தான் காணுறன். இனி நான் யோசிக்க ஒண்டுமில்லை. படிப்பு முடியுமட்டும் முழு உதவி. இண்டைக்கே சொல்லுறன்.”

அப்புத்துரை இரண்டு கையையும் ஆட்டினார். “ஐயோ இல்லைப் பிள்ளை! நான் அதுக்குச் செய்யேல்லை! நான் வந்து...”

“அப்பா!” லக்சிகா ஓடிவந்து அவரின் கையைப் பிடித்தாள். அழுதும் சிரித்தும் முகம் ஒரு மாதிரியாய் இருந்தது. “எனக்காகவோ அப்பா இவ்வளவும்?”

அவர் வாயைத் திறந்தார். மகளைப் பார்த்தார். மூடினார்.

“ஓம்,” என்றார்.

ஸ்கூட்டி போய், ஊருக்குச் சொல்ல லக்சிகாவும் ஓடினபிறகு, அப்புத்துரை வெடித்த கதிரையில் வந்து இருந்தார். இராசேஸ்வரி நிலத்துத் தண்ணியைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

“நீதான் எல்லாரையும் வரச்சொன்னனி.”

“ஓம்.”

“என்ரை எண்ணம் உனக்கு எப்பிடித் தெரியும்?”

“வீடு வீடாய்ப் போய் இராசேஸ்வரிக்குச் சொல்லாதேங்கோ எண்டு சொன்னனீங்கள்தானே. அதாலைதான் ஒருத்தர் மிச்சமில்லாமல் வந்து சொன்னவை.” துணியைப் பிழிந்தாள். “அவள் போகட்டுமப்பா. இஞ்சை இருந்து உங்கட பகிடிக்குச் சிரிக்கிறதுக்கோ அவள் அவ்வளவு படிச்சவள்? இனி நான் சிரிக்கிறன். விழுகிறதுக்கு மட்டும்.”

அவருக்குப் பெனியன் ஓட்டைக்குள்ளால் குளிர்ந்தது. “சரி சரி. என்ரை சேட்டு காஞ்சிட்டுதோ?”

“அது பையிலை.”

“என்ன பையிலை?”

“பிள்ளையை மாத்தறையிலை கொண்டுபோய் விடவேணுமெல்லே. வெறும்மேலோடையோ போவியள்? மினுக்கி மடிச்சு அவளின்ரை பையிலை வைச்சிட்டன்.”

அப்புத்துரை கதிரையோடு திரும்பினார். “உதவி கிடைச்சு அரை மணித்தியாலம் ஆகேல்லை. எப்பயடி வைச்சனி?”

“செவ்வாய்க்கிழமை,” என்றாள் இராசேஸ்வரி.