தலையாட்டும் பெட்ரோல் முள்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு உங்கள் அக்கா மகள் எழுதுவது.

இங்கே அம்மா, அப்பா, நான், நீங்கள் கொடுத்த கார் ஆகிய நால்வரும் நலம். நீங்களும் கோபம் நீங்கலாக மற்றபடி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன், யாருக்காகவும் எதையும் மழுப்ப மாட்டேன். அப்பா இதற்குள் இரண்டு முறை என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டார். இருந்தாலும் எழுதுவேன்.

முதலில் காருக்கு வந்த நோயைச் சொல்கிறேன். பிரேக்கை மிதித்தால் பின்னால் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும் அல்லவா? நம் காரில் அது பேருக்கு எரியும், அதோடு சம்பந்தமே இல்லாமல் இன்டிகேட்டரும் மங்கலாக எரியும். இடது பக்கம் திரும்ப இன்டிகேட்டர் போட்டால், டேஷ்போர்டில் பெட்ரோல் முள் அதற்கு ஒத்தாற்போல் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டும். ஹெட்லைட் போட்டாலோ முள் மயங்கி விழுந்து டேங்க் காலி என்று காட்டும். லைட்டை அணைத்தால் எழுந்து உட்காரும். அம்மா விடியும் முன்பே ரத்தப் பரிசோதனை லேபுக்கு வேலைக்குப் போகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். முதல் வாரம் பயந்தார். பிறகு பழகிவிட்டது. "லைட் போட்டா அது படுத்துக்கும், கண்டுக்கக் கூடாது" என்று அம்மாவே ஒரு விதி வகுத்துக்கொண்டார்.

அப்பாவுக்குத்தான் பழகவில்லை. அன்று நாற்சந்தியில் அவர் பிரேக் போட்டபோது பின்னால் வந்த லாரிக்காரர் இன்டிகேட்டரைப் பார்த்துக் குழம்பி, பக்கத்தில் வந்து நிறுத்தி, "எந்தப் பக்கம்யா போற? ஒரு முடிவுக்கு வா!" என்று கத்தினார். ஒரு சட்டையைத் தேர்ந்தெடுக்கவே அரை மணி நேரம் யோசிக்கிற அப்பாவுக்கு அது எங்கேயோ போய்த் தைத்துவிட்டது. அந்தச் சூட்டோடு வீட்டுக்கு வந்து உங்களைக் கூப்பிட்டு, "ஓட்டை வண்டிய எங்க தலையில கட்டிட்டியே மாப்ளே" என்று சொன்னார். நீங்கள் "சும்மா குடுத்தா இதுவும் சொல்வீங்க, இன்னமும் சொல்வீங்க அத்தான்" என்று போனை வைத்துவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் போன் வருவதில்லை. அம்மா ஞாயிறு அன்று துணி காயப்போடப் போகும்போதுகூடப் போனை இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார். மணி அடித்தால் ஈரக் கையோடு எடுக்கிறார். யாரோ கடன் வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதைப் பார்த்துத்தான் இந்தக் கோளாறை நானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் வைத்தியம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. எல்லாப் பல்புகளையும் மாற்றினார். டேஷ்போர்டைத் தட்டினார், திட்டினார். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்து மாட்டினார். அதன் பிறகு வைப்பரும் நின்றுவிட்டது. ஒரு ஃபியூஸ் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. நான் நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் எடுத்து வந்தேன். மின்சாரம் பல்புக்கு வந்தால் மட்டும் போதாதாம், வீடு திரும்ப ஒரு வழியும் வேண்டுமாம். காரில் அந்த வழிக்கு எர்த் என்று பெயர், காரின் இரும்பு உடம்புதான் அது. அந்த வழி அடைத்துக்கொண்டால் மின்சாரம் அடுத்த வீட்டுக் கொல்லை வழியாகப் புகுந்து போகுமாம். அதனால்தான் எரியக் கூடாதது எரிகிறது, ஆடக் கூடாதது ஆடுகிறது.

சோதனைக்காக நான் டார்ச்சோடு டிக்கிக்குள் படுத்துக்கொண்டேன். அம்மா ஸ்டியரிங் முன்னால். அப்பா வெளியே நின்று கட்டளையிட்டார்.

"மிதி!"

"மிதிச்சுட்டுத்தாங்க இருக்கேன்."

"நல்லா மிதி!"

"இதுக்கு மேல மிதிச்சா என் கால் ரோட்டுக்கு வந்துடும்."

புத்தகத்தில் சொன்னபடி, பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து வந்து பின்விளக்கின் கறுப்பு ஒயரில் தொட்டேன். விளக்குகள் பளீரென்று எரிந்தன. முன்னாலிருந்து அம்மா, "ஏங்க, முள்ளு எழுந்துடுச்சுங்க!" என்று கூவினார். அந்தக் கறுப்பு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால், அதுவும் பெட்ரோல் டேங்கின் ஒயரும் டிக்கித் தரையில் ஒரே போல்ட்டில் போய் முடிந்தன. கழற்றினோம். அடியில் கெட்டியாக, வழவழவென்று, நீல நிறப் பெயின்ட்.

அம்மா இறங்கி வந்து குனிந்து பார்த்தார். "இந்த நீலத்த எங்கயோ பாத்திருக்கேனே."

அப்பா வானத்தைப் பார்த்தார். எங்கள் குளியலறைக் கதவின் நீலம் அது.

கார் வந்த வாரமே அப்பா டிக்கியைத் தேய்த்துக் கழுவி, ஒரு போல்ட்டுகூட விடாமல் கழற்றி, கதவுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டைப் பூசியிருந்தார். பெயின்ட் மின்சாரத்தை விடாது. "'பெயின்ட் பூசப்பட்டிருந்தது'ன்னு எழுது, போதும். யாரு பூசினாங்கன்னு மாமா கேக்கப் போறதில்ல" என்கிறார் அப்பா. நீங்கள் கேட்பீர்கள். பூசியவர் அப்பா. ஆனால் இன்னொரு உண்மையும் உண்டு. பூசும்போது அவர், "மாப்ளே ஆசையா குடுத்த வண்டி, துரு ஏறக் கூடாது" என்று சொன்னார். நான்தான் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன்.

உப்புத்தாள் போட்டு இரும்பு மினுங்கும்வரை தேய்த்து போல்ட்டை முடுக்கினோம். எல்லாம் சரியாகிவிட்டது. உங்களுக்குப் போன் செய்யச் சொன்னேன். "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசறது?" என்றார் அப்பா. போனில் மூஞ்சி தெரியாது என்றேன். "வாயாடி" என்றார்.

ஆகையால் மாமா, உங்கள் கார் குற்றமற்றது. இனி அதன் முள் சொல்வதெல்லாம் மெய். அது எங்களை நடுவழியில் விடாது என்று நான் உறுதி கூறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் மட்டும் செய்யுங்கள்.

அம்மாவின் பாசத்தோடும், என்ன எழுத என்று கேட்டபோது அப்பா இருமிய இருமலோடும், என் வணக்கத்தோடும் முடிக்கிறேன்.

பி.கு.: மேலே உறுதி கூறியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தபாலில் போட்டால் நாளாகும், மாமா வீட்டுக் கேட்டில் செருகிவிட்டு வந்துவிடலாம் என்று அப்பா சொன்னதால் மூவரும் கிளம்பினோம். இருட்டத் தொடங்கியதும் அம்மா ஹெட்லைட் போட்டார். முள் காலியில் கிடந்தது. நான் கேட்டதற்கு, "லைட் போட்டா அது படுத்துக்கும்டி" என்றார். உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு முன்னால், தண்ணீர்த் தொட்டி அருகே வண்டி நின்றுவிட்டது. முள்ளைத்தான் நாம் சரிசெய்துவிட்டோமே என்பது அப்போதுதான் எங்கள் மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

போன் செய்தவர் அப்பா. "மாப்ளே, நான்தான். வண்டியில ஒண்ணும் கோளாறு இல்ல. நல்ல வண்டி. பெட்ரோல்தான் இல்ல." பிறகு போனைக் காதோடு அழுத்திக் கேட்டார். "சிரிக்கிறான்" என்று அப்பா மெதுவாக அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானையால் ஸ்டியரிங்கைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

காரின் உள்விளக்கில் இதை எழுதுகிறேன். வெளியே நான்கு இன்டிகேட்டரும் ஒரே தாளத்தில் கண்சிமிட்டுகின்றன, முள் தலையாட்டவில்லை. தெருமுனையில் ஒற்றை விளக்கோடு ஒரு ஸ்கூட்டர் திரும்புகிறது. முன்னால் ஒரு கேன் தொங்குகிறது. "அவன்தான்!" என்று அம்மா கதவைத் திறந்துவிட்டார். பேட்டரி இறங்கிவிடும் என்று அப்பா சொல்வதால் இத்துடன் நிறுத்துகிறேன். விளக்குகள் அணைக்கப்பட்டன. அணைத்தவர் அப்பா.