குன்வோர் வீட்டு விறகும் மூன்று ரம்பங்களும்

ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள், சங்கிலி ரம்பம் வைத்திருப்பவர்கள். கயிற்றை இழுத்தால் உறுமிக்கொண்டு மரத்தை அறுக்குமே, அந்த ரம்பம்தான். மரம் அறுத்துப் பிழைப்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் பாவம், வந்த வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் சொல்லும் ஆசாமி வேறு. வாரம் முழுக்க அலுவலகத்தில் நாற்காலியைத் தேய்த்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் சங்கிலி பட்டாலும் கிழியாத கால்சட்டை, இரும்பு முனை வைத்த பூட்ஸ், முகத்துக்கு வலை போட்ட ஹெல்மெட் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, ஒரு குச்சியை இரண்டாக்குவதற்காகத் தன் வீட்டு முற்றத்தில் போருக்குப் புறப்பட்டவன்போல் நிற்பவன். நார்வேயில் எங்கள் பள்ளத்தாக்கில் இவனுக்குப் பஞ்சமே கிடையாது. சந்தேகமிருந்தால் என்னை வந்து பாருங்கள்.

இவனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள், ஒரே வார்த்தையில் பதில் வரும். ரம்பம் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிட்ட மாதிரிதான். பெட்ரோலுக்கு எவ்வளவு எண்ணெய் கலக்க வேண்டும், சங்கிலிப் பல்லை எந்தச் சாய்வில் அரத்தால் தீட்ட வேண்டும், பிளேடு ஓர் அங்குலம் கூடினால் மணிக்கட்டுக்கு என்ன ஆகும் என்றெல்லாம் சொல்லி முடித்து, நீங்கள் நைஸாக நழுவப் பார்க்கும்போது, "இருங்க, சத்தத்தைக் கேக்காமலே போறீங்களே!" என்று கொட்டகைக்குள் ஓடுவான். அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வான். சொந்த மகள் பள்ளிக்கூடத்தில் பாடியபோது இப்படிக் கேட்டானா? என் மகளைக் கேளுங்கள், சொல்வாள்.

இவர்களுக்குள் கட்சிகள் உண்டு. ஆரஞ்சு ரம்பக்காரன் சிவப்பு ரம்பக்காரன் வீட்டில் பெண் எடுக்க யோசிப்பான். இரண்டு பேரும் ஒன்று சேரும் ஒரே இடம், பாட்டரி ரம்பக்காரனைப் பார்த்துச் சிரிக்கும் இடம். நான் சிவப்பு. என் நண்பன் சிகுர்ட் ஆரஞ்சு. தெர்யே பாட்டரி, ஆனாலும் அவனை நாங்கள் ஒதுக்கிவிடவில்லை, எங்களுக்குச் சிரிக்க ஆள் வேண்டாமா?

போன ஏப்ரலில், மேட்டு வீட்டு ஹால்வார் பனியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். அவன் முற்றத்தில் பிர்ச் மரங்கள் அறுக்காமல் கிடந்தன. இலை துளிர்ப்பதற்குள் அறுத்துப் பிளந்து அடுக்கினால்தான் கோடையில் காய்ந்து குளிர்காலத்துக்கு உதவும். ஈர விறகு என்றால் அடுப்பில் புகைதான் மிஞ்சும். அது பழைய மர வீடு. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர். குளிருக்கு அந்த ஓர் இரும்பு அடுப்பை விட்டால் வேறு கதி கிடையாது. அதனால் ஹால்வாரின் மனைவி குன்வோர் எங்களைத் துக்னாடுக்கு அழைத்தாள். கூலி வாங்காமல் ஊரார் கூடி ஒரு வீட்டு வேலையை முடித்துக் கொடுப்பதற்கு அதுதான் பெயர். வேலை நம்முடையது, காப்பியும் வாஃபிளும் அவர்களுடையது. பிளக்கவும் அடுக்கவும் மற்றவர்கள் அடுத்த வாரம் வருவதாக ஏற்பாடு. அறுப்பது எங்கள் மூவர் பொறுப்பு. எங்களை நம்பி ஒப்படைத்தாள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

"அடுப்பு வாய் ஒரு அடிதான். இந்தக் குச்சி அளவுக்கு அறுத்துக் குடுத்தா போதும்" என்று ஒரு குச்சியைக் கொடுத்துவிட்டு, வாஃபிள் மாவு கலக்க உள்ளே போனாள்.

சிகுர்ட்டின் காரில் பின்கதவைத் திறந்து ரம்பங்களை வரிசையாக வைத்தோம்.

"என்னப்பா தெர்யே, முடி வெட்டவா வந்தே?" என்றான் சிகுர்ட்.

"உன் மிஷின் இருமி முடிக்கிறதுக்குள்ள இது பாதி மரத்தை அறுத்துரும்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க. என்னோடது ஒரே இழுப்பு!" என்றேன் நான். இன்ஜின் பிடித்தது என்னவோ தோள் கழன்ற பிறகுதான்.

"இப்படியே பேசிட்டிருந்தா ஆகாது. ஆளுக்கு ஒரு துண்டு, ஒரே மரம். எவன் முதல்ல முடிக்கிறான்னு பாத்துருவோம். அப்புறம் வேலை" என்றான் சிகுர்ட்.

அப்புறம் வேலை! இந்த இரண்டு சொல்லை நம்பிக் கெட்ட குடும்பங்கள் எத்தனை?

முதல் சுற்றில் தோற்றவன், தன் பக்கம் மரம் பருமன் என்றான். பக்கம் மாற்றினோம். அடுத்து தோற்றவன், சங்கிலி மழுங்கிவிட்டது என்று உட்கார்ந்து அரம் போட்டான். அவன் போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா, எல்லோரும் அரம் போட்டோம். போட்ட அரத்துக்காக இன்னொரு சுற்று, பிறகு ரம்பத்தை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு ஒரு சுற்று, கெட்டிக்காரத்தனம் ஆளிலா ரம்பத்திலா என்று தீர்மானிக்க மேலும் இரண்டு சுற்று. மரத்தை வீணாக்கக் கூடாது என்ற பொறுப்பு எங்களுக்கு இருந்தது. ஆகவே துண்டை மெல்லிசாக்கினோம். மெல்லிசாக அறுத்தால் ஒரே மரத்தில் நிறையச் சுற்று ஓட்டலாம் அல்லவா?

நடுவில் ஹால்வார் ஜன்னலில் நின்று ஊன்றுகோலால் கண்ணாடியைத் தட்டினான். பாவம், கட்டுப் போட்ட காலோடு நம்மை உற்சாகப்படுத்துகிறானே என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினோம். அவன் இன்னும் பலமாகத் தட்டினான்.

குன்வோர் தட்டோடு வெளியே வந்தபோது முற்றத்தில் முழு மரம் ஒன்றுகூட இல்லை. அப்பளக் கட்டுகளைப் பிரித்துக் கொட்டியதுபோல் எங்கும் வட்ட வட்டமாக வில்லைகள் கிடந்தன.

"என்ன இது?" என்றாள்.

ரம்பங்களை அணைத்தோம்.

"நான் விறகு கேட்டேன்."

"மெல்லிசா இருக்கிறதால சீக்கிரம் காஞ்சிரும், குன்வோர்" என்றேன்.

"சீக்கிரம் எரிஞ்சும் போயிரும்! ராத்திரி பூரா அடுப்பு முன்னாடி உக்காந்து ஒவ்வொண்ணா யாரு போடுறது? நீ வர்றியா?" அவள் குரல் உடைந்தது. "பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு வர்ற குளிர்காலத்தை நான் எப்படித் தள்ளுறது, சொல்லுங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஹெல்மெட்டின் வலையை முகத்துக்கு இறக்கிக்கொண்டேன்.

அப்போது ஜன்னல் திறந்தது. ஹால்வார் முகம் சிவந்து நின்றான். திட்டப்போகிறான், திட்டட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு என்று தலை குனிந்தோம்.

"டேய் சிகுர்ட்! கடைசிக்கு முந்தின சுத்துல உன் துண்டுல கணு இருந்துச்சுடா! அந்தச் சுத்து செல்லாது! எவ்வளவு நேரமாத் தட்டுறேன், ஒருத்தனுக்கும் புரியலையே! மறுபடியும் ஓட்டுங்க!"

குன்வோர் கணவனைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். கொண்டு வந்த வாஃபிளை அப்படியே திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள்.

"உங்க மூணு பேர் வீட்டுச் சுவத்தோரமும் காஞ்ச விறகு அடுக்கி வெச்சிருக்கீங்கல்ல? நாளைக்கு அதெல்லாம் இங்க வரணும். இந்த வில்லையை எல்லாம் நீங்க அள்ளிட்டுப் போங்க."

அந்த அடுக்கு என்ன லேசுப்பட்டதா? வருஷக்கணக்காகச் சேர்த்தது. பட்டை மேலே பார்க்க, நுனிகள் ஒரே கோட்டில் நிற்க, வழியில் போகிறவர்கள் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளும் அடுக்கு. என் வீட்டில் மின்சார ஹீட்டர்தான் ஓடுகிறது. அந்த அடுக்கிலிருந்து ஒரு கட்டையை உருவ என் மனைவிக்குக்கூட அனுமதி கிடையாது. மறுநாள் அதைக் கலைத்து வண்டியில் ஏற்றும்போது சிகுர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மரத்தூள் என்றான். என் கண்ணிலும் அன்றைக்கு மரத்தூள்தான்.

இப்போது குளிர்காலம். என் வீட்டுச் சுவர் மொட்டையாக நிற்கிறது. குன்வோர் வீட்டுப் புகைபோக்கியில் மெல்லிசாக, வெள்ளையாகப் புகை வருகிறது. நன்றாகக் காய்ந்த விறகு, என் விறகு. பிள்ளைகள் உள்ளே சட்டையில்லாமல் ஓடி விளையாடுகிறார்களாம். கேட்க மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வாசகரே, இவ்வளவு நேரம் எங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்: படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு அதிகம் அரித்த கேள்வி, அந்தப் பிள்ளைகளுக்குக் குளிருமா என்பதா, இல்லை மூன்று ரம்பத்தில் எது ஜெயித்தது என்பதா? இரண்டாவது என்றால் நீங்களும் எங்கள் ஆள்தான். சனிக்கிழமை கொட்டகைக்கு வாருங்கள், பேச நிறைய இருக்கிறது.

சிவப்புதான் ஜெயித்தது. சிகுர்ட் வேறு மாதிரி சொல்வான், நம்பாதீர்கள்.